பெரட்டில் கொடுத்த குரல்

சிம்பாங் பூலாய்,
12.3.2023

அன்பு மகள் ஷர்மினிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் நலம், என் தொப்பையும் நலம். அங்கே நீயும் சில்வெஸ்டரும் எப்படி இருக்கீங்க?

நீங்க வேலை பார்க்கற கப்பல்ல இண்டர்நெட்டுக்குக் கொள்ளை விலைன்னு நீ சொன்னதால நான் பழைய ஆள் மாதிரி காகிதத்துல எழுதறேன். நான் கேட்டுல காவல் நின்னு ஜாகா வேலை பார்க்கற அடுக்குமாடி ஆபீஸ்ல துளசின்னு ஒரு புள்ள இருக்கு. அது இதைப் படம் பிடிச்சு உனக்கு அனுப்பும். படம் பிடிக்கறதோட விடாது, படிக்கவும் படிக்கும். "அங்கிள், இந்த ற தப்பு"ன்னு போன தடவை திருத்துச்சு. ஆறாம் வகுப்பை ரெண்டு வருசம் படிச்ச ஆளுக்கே பாடம்!

என் வேலை விசேசம் கேளு. ஜாகாக்கள் ஒழுங்கா இருக்காங்களான்னு சோதிக்க, எங்க சேர்மன் யாரோ ஒரு ஆளைப் பெரிய கார்ல அனுப்பி வச்சார். நான் சல்யூட் அடிச்சு கேட்டைத் திறந்து விட்டேன். பின்னாலேயே சேர்மன் மோட்டார்ல வந்தார். அவரை நிறுத்தி அடையாளத்துக்கு ஐசி கார்டு கேட்டேன். இன்னும் வேலையில இருக்கேன்னா அது உங்க அம்மா மேல இருந்து பார்த்துக்கறதாலதான்.

பக்கத்து வீட்டுல சில்வெஸ்டரைப் பெத்தவங்க, அந்தோணிமுத்து மாமாவும் கெர்ட்ரூட் அத்தையும் நலம். மாமா ஸ்கூல் வேன் ஓட்டப் போறதுக்கு முன்ன, தினமும் அவங்க வாசல்ல எங்க ரெண்டு பேருக்கும் கோப்பி. நேத்து உன் கடிதத்தைப் படிச்சுச் சிரிச்சோம். ஆபத்து வந்தா எங்கே கூடணும்னு முன்னெல்லாம் பயணிகளை வரிசையா நிக்க வச்சுக் காட்டுவாங்க, இப்ப போன்ல ஒரு படம் பார்த்தா போதும்னு எழுதியிருந்தே. சுங்காய்ல எங்க ரப்பர் தோட்டத்துப் பெரட்டு அப்படி இருந்திருக்கக் கூடாதா! விடியறதுக்குள்ள எல்லாரும் களத்துல நிக்கணும், கணக்கு எழுதற கிராணி பேர் கூப்பிடுவார், "ஐயா"ன்னு குரல் கொடுக்கணும். கொடுக்கலேன்னா அன்னைக்கு வேலை இல்ல. உங்க மாமா பாதி நாள் எந்திரிக்க மாட்டான். "சின்னையா"ன்னா நான் மெல்லிசா "ஐயா". உடனே நாலு ஆள் தள்ளிப் பின்னால போய் நின்னுக்குவேன். "அந்தோணிமுத்து"ன்னதும் தொண்டையை அமுக்கி "ஐயா". ஏழு வருசம்! கிராணிக்குக் கடைசி வரைக்கும் தெரியல. உங்க ரெண்டு பேருக்கும் நூறு தடவை சொன்ன கதைதான். இது நூத்தியொண்ணு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா சின்னையா


கப்பலிலிருந்து,
21.3.2023

அன்புள்ள அப்பா,

துளசிக்கு என் நன்றி. உங்க ற இன்னும் தப்புதான்.

சில்வெஸ்டர் உங்க கடிதத்தைச் சமையல்கட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினான். ரெண்டு குரலையும் நடிச்சு வேற காட்டினான். பிலிப்பினோ பையன்கள்லாம் இப்ப உங்களை 'அங்கிள் ஐயா'ன்னு கூப்பிடறாங்க.

நல்ல சேதி அவ்வளவுதான் அப்பா. கொரோனா நோய்க்கு முன்ன நாங்க நாலு பேர் பார்த்த அறைகளை இப்ப ரெண்டு பேர் பார்க்கறோம். முன்ன காலையும் சாயந்திரமும் சுத்தம் பண்ணுவோம், துண்டை மடிச்சு யானை செஞ்சு கட்டில்ல வைப்போம். இப்ப துண்டே பத்தல. நேத்து ஒரு சீன அம்மா, "போன தடவை யானை இருந்துச்சே"ன்னு கேட்டாங்க. "யானைக்கு லீவு"ன்னேன். அவங்க சிரிக்கல.

துறைமுகங்கதான் பயமா இருக்கு. வாரம் ஒரு தடவை ஒரு தீவுல நிக்கறோம். ரெண்டு வருசமா கப்பலே வராம அங்கே கடையெல்லாம் மூடியாச்சு, பஸ்ஸும் இல்ல. கப்பல்லேர்ந்து துறைமுக வாசல் கேட்டு வரைக்கும் நீளமா ஒரு மரப்பாலம். பலகை உளுத்துப் போச்சு, ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி கிடையாது. கேட்டுக்கு வெளியே ரெண்டு பயணிகள்கிட்ட கத்தியைக் காட்டிப் பணத்தைப் பிடுங்கிட்டாங்க. அதுலேர்ந்து பயணிகளை இறங்க விடறதில்ல. வேலைக்காரங்க நாங்க மட்டும் இறங்குவோம், அங்கே ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில வைஃபை சும்மா கிடைக்குது.

திரும்பி ஏறினவங்களைக் கணக்கெடுக்கற கார்டு மெஷின் கெட்டு ஒரு மாசமாச்சு. சூப்பர்வைசர் எங்களைச் சாப்பாட்டு அறையில நிக்க வச்சு, காகிதத்துல பேர் கூப்பிடறார். நூத்திருபது பேர். பாவம், மூணு ஆள் வேலையை ஒத்தையா பார்க்கறார், தலையைத் தூக்கறதே இல்ல. சில்வெஸ்டர் என் காதுல சொல்றான், "உங்கப்பா பெரட்டு, இங்கேயும் வந்திருச்சு லா."

ஏப்ரல் 5 அத்தைக்கு அம்பது வயசுல்ல? சொல்லுங்க, நாங்க மறக்கல.

உங்கள் மகள்,
ஷர்மினி


சிம்பாங் பூலாய்,
28.3.2023

அன்பு மகளுக்கு,

கம்பி இல்லாத பக்கம் நடக்காதே. நடுவுல நட. சில்வெஸ்டர்கிட்டயும் சொல்லு, அவனுக்கு நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும்.

அத்தை வாய்விட்டுக் கேக்கல, ஆனா போன வருசப் பொறந்த நாளுக்கு அவன் போட்ட பூங்கொத்துப் படத்தை எனக்கு நாலு தடவை காட்டிருச்சு. "படம் அனுப்பறான் அண்ணே, பேச மாட்டேங்கறான்." அதனால இந்தத் தடவை அவன் பேசணும். அன்னைக்கு நீங்க அந்தத் தீவுலதானே நிக்கறீங்க? காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் அந்த மீன் கடையில உட்கார வை. அரை மணி நேரமாவது பேசட்டும். இது அப்பா உத்தரவு.

இன்னொண்ணு. ஒப்பந்தம் முடிஞ்சு வந்ததும் நீயும் அவனும் பெரியவங்ககிட்ட ஏதோ பேசணும்னு இருக்கீங்களாமே? எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் வெறும் ஜாகா. கோயில்லயா சர்ச்லயான்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க. வேட்டியா கால்சட்டையான்னு நான் முடிவு பண்ணணும்.

அன்புடன்,
அப்பா


சிம்பாங் பூலாய்,
15.4.2023

ஷர்மினி,

நேத்து, வருசப் பிறப்பன்னைக்கு, சில்வெஸ்டரை அடக்கம் பண்ணோம்.

பெரிய வெள்ளிக்கிழமை போலீஸ்காரங்க வந்தப்ப அந்தோணி வேனைக் கழுவிக்கிட்டு இருந்தான். கேட்டுட்டு, மறுபடியும் கழுவினான். பைப்பை நான்தான் மூடினேன். பெட்டி வர ஆறு நாள் ஆச்சு. திறக்க வேண்டாம்னுட்டாங்க. ஒரு பக்கம் நான் தூக்கினேன். ஒல்லியா இருந்த பையன், எப்படி அவ்வளவு கனம்?

பாலத்துக்கு அடியில மீன்காரங்க கண்டெடுத்தாங்கன்னு சொல்றாங்க. கப்பல் போய் ரெண்டு நாள் கழிச்சு. கப்பல்ல இருந்தவன் அங்கே எப்படிப் போனான்? அன்னைக்கு அம்மாகூட நல்லா பேசினானே, நானும் பக்கத்துல இருந்தேன். "மாமா, கால்சட்டையே தைச்சுக்குங்க"ன்னு சிரிச்சான்.

நீ போன்லயும் பேச மாட்டேங்கறே. எழுதவாவது செய். துளசி இதைப் படிக்காமலே படம் பிடிக்கறேன்னு சொல்லுது.

அப்பா


தபாலில்,
22.4.2023

அப்பா,

இதை யாரும் படிக்கக் கூடாது. அதனாலதான் தபால்ல போடறேன்.

அன்னைக்கு அவன் மட்டும் கடைக்குப் போனான். எனக்கு வேலை முடியல. நாலு மணிக்குப் பேர் கூப்பிடணும், அஞ்சு மணிக்குக் கப்பல் கிளம்பணும். நாலாகறப்போ அவன் மெசேஜ் போட்டான்: "அம்மா இன்னும் பேசுது, வைக்க மனசு வரல. அங்கிள் ஐயாவை வரச் சொல்லு." எனக்குச் சிரிப்பு வந்துச்சு அப்பா. அஞ்சு நிமிசம் பிந்தினா எச்சரிக்கைக் கடிதம், அது ரெண்டாவதுன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, அவனுக்கு ஏற்கெனவே ஒண்ணு இருந்துச்சு. சூப்பர்வைசர் "சில்வெஸ்டர்"னார். நான் பின்னால போய் நின்னு தொண்டையை அமுக்கி "யெஸ் சார்"னேன். அவர் தலையைத் தூக்கல. டிக் அடிச்சார்.

எல்லாரும் ஏறியாச்சுன்னு அன்னைக்கு அரை மணி முன்னாலேயே ஏணியை எடுத்துட்டாங்க. துறைமுகத்துல ஏதோ சண்டை, சீக்கிரம் போங்கன்னாங்களாம். நான் கீழ்த்தட்டு வட்ட ஜன்னல் வழியா பார்த்தேன். அவன் பாலத்துல ஓடி வந்தான். வெள்ளைச் சட்டை, ஒரு கையில அத்தைக்கு வாங்கின ஏதோ ஒரு பை. கையை ஆட்டினான். கப்பல் திரும்புச்சு, ஜன்னல்லேர்ந்து பாலம் போயிருச்சு. திரும்பிக் கேட்டுக்குப் போயிருப்பான், அடுத்த துறைமுகத்துல ஏறிக்குவான்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா குரல் கொடுத்தது யாருன்னு கேப்பாங்க.

மறுநாள் காலையில ரொட்டி போட ஆள் இல்லாதப்பதான் தேடினாங்க.

நான் என்ன பண்ணட்டும் அப்பா? நீங்க சொல்றதைச் செய்யறேன்.

ஷர்மினி


சிம்பாங் பூலாய்,
10.5.2023

அம்மா ஷர்மினி,

இதை நானே தபால்ல போடறேன். உன் கடிதத்தை அடுப்புல வச்சு எரிச்சுட்டேன். நீயும் இதைப் படிச்சதும் கிழிச்சுடு.

ஒண்ணும் சொல்லாதே. யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. போனவன் வரப் போறதில்ல. நீ சொன்னா உன்னை அந்த ஊர் ஜெயில்ல போடுவாங்களோ என்னமோ. எனக்குச் சட்டம் தெரியாது, பயம்தான் தெரியும். எனக்கு இருக்கறது ஒரே புள்ள.

நான் ஏழு வருசம் செஞ்ச வேலைம்மா அது. அப்ப யாருக்கும் ஒண்ணும் ஆகல. பால் மரம் நடக்காது. ஆள் பத்து மணிக்குப் போனாலும் நட்ட இடத்துலயே நிக்கும். கப்பல் போயிடும்கறது எனக்கு ஏன் தோணல? சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். உனக்குச் சோறு ஊட்டும்போது சொன்னேன். பேசு, அரை மணி நேரம் பேசுன்னு உத்தரவும் போட்டேன். நல்ல ஜாகா. கார்ல வந்தது யாருன்னு கேக்காம கேட்டைத் திறந்து விட்டவன்.

உடம்பைப் பார்த்துக்க.

அப்பா


தபாலில்,
2.6.2023

அப்பா,

விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. 'நாலு மணிக்குச் சில்வெஸ்டர் சாப்பாட்டு அறையில இருந்தார், குரல் கொடுத்ததைக் கேட்டேன்'னு ஏற்கெனவே டைப் அடிச்சு வச்சிருந்தாங்க. அவனோட ஊர்க்காரி, பக்கத்து வீட்டுக்காரின்னு என்னையே கையெழுத்துப் போடச் சொன்னாங்க. சூப்பர்வைசர் பேனாவை நீட்டிட்டுத் தரையைப் பார்த்தார். அவருக்கும் சந்தேகம்தான்னு நினைக்கறேன். யாரும் யாரையும் பார்க்கல.

நீங்க சொன்ன மாதிரி ஒண்ணும் சொல்லல. கையெழுத்துப் போட்டுட்டேன்.

ஷர்மினி


சிம்பாங் பூலாய்,
9.7.2023

மகளே,

கம்பெனிக் கடிதம் வந்துருச்சு. இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம், மலாய்ல ஒரு பக்கம். அந்தோணி அதைத் தூக்கிக்கிட்டு என்கிட்டதான் வந்தான். "மச்சான், நீதான் மலாய் நல்லா படிப்பே, வாசி." கெர்ட்ரூட் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

வாசிச்சேன். நாலு மணிக்கு அவன் கப்பல்லதான் இருந்தானாம். அதனால பாலத்துலேர்ந்து விழ வழியே இல்லையாம். கப்பல் கிளம்பும்போது அவனே கடல்ல குதிச்சிருக்கணுமாம். மனக்கஷ்டம் இருந்திருக்கலாமாம். கீழே சாட்சின்னு உன் பேரு.

பாதியில நிறுத்திட்டு, கண்ணு தெரியலன்னேன். அந்தோணி விரலை வச்சுக் காட்டினான். "இது ஷர்மினி பேருதானே மச்சான்? அப்ப உண்மைதான். நம்ம புள்ள பொய் சொல்லாது." அதைச் சொல்லி அவன் என்னைத்தான் தேத்தினான்.

கெர்ட்ரூட் அப்புறம் என்கிட்ட மட்டும் சொல்லுச்சு. "அண்ணே, நான்தான் கொன்னுட்டேன். அன்னைக்குப் போன்ல, 'அம்பது வயசுல கேக் வெட்டக்கூடப் புள்ள பக்கத்துல இல்ல, உன்னைப் பெத்ததுக்கு ரெண்டு ஆடு வளர்த்திருக்கலாம்'னேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவனும் சிரிச்சான். அந்தச் சிரிப்புல என்ன இருந்துச்சோ, எனக்குத் தெரியலையே."

அதுலேர்ந்து அது சர்ச்சுக்குப் போறதில்ல. போன்ல பேசறதில்ல, மணி அடிச்சா காதைப் பொத்திக்குது. ஆள் பாதி ஆயிருச்சு.

நான் சொன்னது தப்பும்மா. வாயை மூடச் சொன்னது பெரிய தப்பு. அப்ப எனக்கு நீ மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சே. நடந்ததை அப்படியே எழுதி அனுப்பு. அவன் ஓடி வந்தான்னு எழுது. அது போதும்.

அப்பா


தபாலில்,
30.7.2023

அப்பா,

என்னால முடியாது. பொய்க் கையெழுத்துன்னு என்னைப் பிடிப்பாங்க. அது மட்டும் இல்ல. அத்தை என் முகத்தைப் பார்க்கும். அந்த வீட்டுக்கு மருமகளா போகலாம்னு நினைச்ச முகம் இது.

ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருசம் நீட்டியாச்சு. ஊருக்கு வரல. முதல்ல சொல்லாதேன்னு சொன்னது நீங்கதான். இப்ப சொல்லுன்னா எப்படி? எனக்குப் பதிலா நீங்களும் சொல்லிடக் கூடாது. சொன்னீங்கன்னா எனக்கு அப்பா இல்ல.

ஷர்மினி


சிம்பாங் பூலாய்,
20.8.2023

அன்பு மகள் ஷர்மினிக்கு,

அப்பா எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை சொல்லிட்டேன்.

உன் கடிதத்தை ஒரு வாரம் சட்டைப் பையில வச்சிருந்தேன். ஒவ்வொரு நாளும் கோப்பி குடிக்கும்போது அந்தோணி கேப்பான், "என்ன மச்சான், இப்பல்லாம் ஜோக்கே வரல?" அன்னைக்குக் கெர்ட்ரூட் பிஸ்கட் தட்டை வச்சுட்டு, "அண்ணே, குதிக்கும்போது அவனுக்கு வலிச்சிருக்குமா?"ன்னு கேட்டுச்சு. அதுக்கு மேல என்னால முடியலம்மா.

எல்லாத்தையும் சொன்னேன். பெரட்டுல ஆரம்பிச்சு வட்ட ஜன்னல் வரைக்கும். உன்னை எதுவும் சொல்லாம வச்சது நான்தான்னும் சொன்னேன். கெர்ட்ரூட் ஒரே கேள்விதான் கேட்டுச்சு.

"ஓடி வந்தானா?"

"ஓடி வந்தான்மா."

"கப்பலைப் பார்த்தா? ஏறணும்னா ஓடி வந்தான்?"

"ஏறணும்னுதான். கையை ஆட்டிக்கிட்டே வந்தான். கையில உனக்கு ஏதோ வாங்கி வச்சிருந்தான்."

அப்படியே கீழே உட்கார்ந்துருச்சு. அடக்கத்தன்னைக்குக்கூட அப்படி அழல. அழுது முடிச்சு, "அப்ப அவன் என் மேல கோபப்படல"ன்னுச்சு. உள்ளே போய் முகம் கழுவி, சேலை மாத்திக்கிட்டு, ஒத்தையா சர்ச்சுக்குக் கிளம்பிப் போயிருச்சு.

அந்தோணி என் கையில இருந்த கோப்பியை வாங்கினான். பாதிதான் குடிச்சிருந்தேன். கால்வாயில ஊத்தினான். கிளாஸைக் கவுத்து வச்சுட்டு, "வீட்டுக்குப் போ, சின்னையா"ன்னான். நாப்பது வருசத்துல அவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் வாயில என் பேரு யாரோ ஒரு ஆளோட பேரு மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் பேச்சு இல்ல. காலையில அவன் வேனை எடுக்கற சத்தம் கேட்டதும் நான் உள்ளே போயிடறேன். என்னைப் பார்க்கற கஷ்டம் அவனுக்கு வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை கெர்ட்ரூட் ஈப்போவுல ஒரு வக்கீல் அம்மாவைப் பார்க்கப் போச்சு. என்னையும் வரச் சொல்லுச்சு. பஸ்ல நாலு சீட்டு தள்ளி உட்கார்ந்துச்சு, ஆனா இறங்கும்போது நான் இறங்கிட்டேனான்னு திரும்பிப் பார்த்துச்சு. வக்கீல் அம்மா பொறுமையா கேட்டுட்டுச் சொன்னாங்க, "நீங்க சொல்றது கேள்விப்பட்ட பேச்சு அங்கிள். பார்த்தவங்க எழுதணும். மிரட்டி வாங்கின கையெழுத்து, பயத்துல போட்டதுன்னு அந்தப் பொண்ணு தானே முன்வந்து சொன்னா, அவளுக்காகவும் நான் பேசுவேன்." அவங்க நம்பரையும் விலாசத்தையும் தனித் தாள்ல எழுதி இதோட வச்சிருக்கேன். கம்பெனிக் காகிதத்துல அவன் குதிச்சான்னு இருக்கறதை அழிக்க, அது ஒண்ணுதான் வழியாம்.

வெளியே வந்ததும் கெர்ட்ரூட் கேட்டுச்சு, "அவ எழுதுவாளா அண்ணே?" அதுவே சொல்லுச்சு, "அவ மேலயும் எனக்குக் கோபம் இருக்கு. இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவளைத் தவிர அவனைக் கடைசியா பார்த்த கண்ணு வேற இல்லியே."

சொன்னா எனக்கு அப்பா இல்லன்னு எழுதியிருந்தே. தெரிஞ்சுதான் சொன்னேன். உன் வாக்கை மீறினதுக்கு மன்னிப்புக் கேக்கல, கேட்டா அது பொய்யாயிடும். ஆனா மூணு மாசத்துக்கு முன்ன உன்னைத் தனியா விட்டதுக்குக் கேக்கறேன். என்ன பண்ணட்டும்னு நீ கேட்டப்ப நான் உன்னைக் காப்பாத்தறதா நினைச்சு, அந்த ஜன்னல்கிட்டயே உன்னை நிக்க வச்சுட்டேன்.

துளசி படம் பிடிச்சு அனுப்பறேன்னு சொல்லுச்சு. வேண்டாம்னுட்டேன். தபால்ல வர்றது பிந்தும், ஆனா நீ கையில பிடிச்சுப் படிக்கலாம்.

கெர்ட்ரூட் உன் கையெழுத்துக்காகக் காத்திருக்கு. நான் உனக்காகக் காத்திருக்கேன். ரெண்டுல ஒண்ணுதான் வரும்னா, கையெழுத்தை அனுப்பும்மா.

அப்பா